பழைய தியேட்டரை இடிக்கப் போகிறார்கள், தெருக்காரர்களால் தடுக்க முடியுமா?

கேள்வி இதுதான். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தெரு, அதில் அறுபது வருஷத்துக்கு மேல் பழைய தியேட்டர். படம் ஓடி இரண்டு வருஷம் ஆகிறது. பில்டர் ஒருவர் வாங்கிவிட்டார், பதினாறு மாடி வரப்போகிறது, தெருவை அகலப்படுத்துவார்கள், எதிர்வாடைக் கடைகளும் காலி என்று பேச்சு. நாற்பது பேர் சேர்ந்து வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து ஆன்லைனில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். "பாரம்பரியக் கட்டடம் என்று சொல்லித் தடுக்க முடியுமா?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். கட்டடத்தை முழுசாகக் காப்பாற்ற வாய்ப்பு குறைவு. தெருவைக் காப்பாற்ற வாய்ப்பு நிஜமாகவே இருக்கிறது. இரண்டும் வேறு வேறு சண்டை, வேறு வேறு ஆபீஸ், வேறு வேறு சட்டம். இது தெரியாமல் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு போனதால்தான் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் நாங்கள் முக்கால்வாசி தோற்றோம்.

நான் யார் என்று சொன்னால்தான் மற்றது புரியும். வடசென்னையில் இருபத்தைந்து வருஷமாக வீடு, கடைகளுக்கு பிளான் போட்டு அப்ரூவல் வாங்கிக் கொடுக்கும் வேலை. இன்னும் வெட்கமான ஒன்றும் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு டூரிங் கொட்டகைக் காலத்துக் குடும்பத்தின் தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் ஆக்க நானே பிளான் வரைந்து கொடுத்திருக்கிறேன். அப்போது அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பத்து வருஷம் கழித்து என் தெரு தியேட்டருக்கு இரும்புத் தகடு அடித்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. ஆக, மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் எழுதுவதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாரம்பரியம் என்ற சொல்லைப் பார்ப்போம், எல்லாரும் அதில்தான் போய் விழுகிறார்கள். சென்னையில் ஒரு கட்டடம் பழசாக இருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. பட்டியலில் இருக்க வேண்டும். உயர் நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஈ. பத்மநாபன் குழு 467 கட்டடங்களைப் பட்டியல் போட்டது. 2010-ல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவில் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு ஒன்று அமைந்தது, கட்டடங்களை மூன்று தரமாகப் பிரிப்பது அதன் வேலை. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது, ஆனால் நடைமுறைக்குக் கொண்டுவர பத்து வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். அந்த இடைவெளியில் எத்தனை கூரை இறங்கியது என்று யோசித்துப் பாருங்கள். 1966-ம் வருஷத்துத் தொல்லியல் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். அது கோயில், கோட்டை, கல்வெட்டு என்று போகிற சட்டம். 1950-களில் சிமென்ட் பூசிக் கட்டிய சினிமா கொட்டகைக்கு அந்தக் கதவு திறக்கும் என்று நான் நம்பவில்லை.

எனவே நீதிமன்றம் போனாலும் சிஎம்டிஏ போனாலும் முதல் கேள்வி "பட்டியலில் இருக்கா?" என்பதுதான். அதைப் பாருங்கள். இல்லை என்றால் சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் கொடுங்கள், கொடுத்த தேதியோடு சீல் வாங்கி வையுங்கள். அந்த ஒரு சீல் பின்னால் உங்களுக்கு ஆயிரம் கையெழுத்தைவிடப் பெரிது.

இங்கே ஒரு மனக்குறையைக் கொட்டிவிடுகிறேன். சென்னையில் பாரம்பரியம் என்றால் சிவப்புச் செங்கல், குவிமாடம், வெள்ளைக்காரன் பெயர். உயர் நீதிமன்றம், மியூசியம், விக்டோரியா ஹால். நல்லது, அதெல்லாம் இருக்கட்டும். ஆனால் வடசென்னைத் தியேட்டரைப் பார்த்து அடையாறு, மயிலாப்பூர் பக்கத்து ஆள் "இதில் என்ன கட்டடக்கலை இருக்கிறது?" என்று கேட்டுவிடுவார். முகப்பில் மூன்று நிமிர்ந்த கோடு, வளைந்த மூலை, உருண்டையான ஜன்னல், உச்சியில் கொடிக்கம்பம், இதெல்லாம் ஆர்ட் டெகோ என்று பெயர் உள்ள சங்கதி. பாரிமுனையில் 1940-ல் எழுந்த டேர் ஹவுஸ் அந்த வகைதான். அதே மேஸ்திரிகள், அதே கைவேலை பரம்பரை வடக்கே வந்து நம் தியேட்டர்களுக்கும் முகப்பு செய்தது என்று சொன்னால் யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. மும்பையில் இதே வகைக் கட்டடங்களையும் 2018-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் 1938-ல் திறந்த ஈராஸ் சினிமாவும் உண்டு. கவனியுங்கள், அங்கே தனித்தனியாகத் தியேட்டரைச் சேர்க்கவில்லை, மைதானம், தெரு, வரிசை வரிசையான வீடுகள் என்று மொத்த வட்டாரத்தையும் சேர்த்தார்கள். ஈராஸ் உள்ளே எல்லாம் மாறி 2024-ல் ஐமேக்ஸாகத் திறந்தது, ஆனால் வெளிமுகம் நிற்கிறது. தெருவோடு சேர்ந்து நின்றதால் நிற்கிறது.

சினிமா விஷயத்தில் வடசென்னைக்கு வரலாறு இல்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகலாம். மவுண்ட் ரோட்டில் 1913-ல் வந்த எலெக்ட்ரிக் தியேட்டரை எல்லாரும் சொல்வார்கள், அது இன்று அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் ஸ்டாம்ப் விற்கும் இடமாக உயிரோடு இருக்கிறது. ஆனால் 1914-ல் கெயிட்டியைக் கட்டிய ரகுபதி வெங்கையா நாயுடு அடுத்து எங்கே வந்தார்? தங்கசாலையில் கிரௌன், புரசைவாக்கத்தில் குளோப். முதல் தமிழ் பேசும் படமான காளிதாஸ் 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியான ஒரே கொட்டகை கினிமா சென்ட்ரல், பின்னாளில் முருகன் தியேட்டர். படப்பெட்டி பம்பாயிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது வால்டாக்ஸ் ரோடு முழுக்க ஜனங்கள் பின்னாலேயே போய்ப் பூ இறைத்து, தேங்காய் உடைத்து, ஊதுவத்தி காட்டியிருக்கிறார்கள். தமிழ் சினிமா பேச ஆரம்பித்தது நம் பக்கத்தில்தான். இதை மனுவில் எழுதுங்கள். ஆனால் ஒரே பத்தியில் எழுதுங்கள், அதிகாரிக்கு அதற்குமேல் பொறுமை இருக்காது.

சரி, ஜெயித்த கதைகளைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் குழுவில் கண்டிப்பாக யாராவது "குயின் மேரிஸ் காலேஜைக் காப்பாற்றவில்லையா?" என்று கேட்டிருப்பார். 2003-ல் அதை இடித்துத் தலைமைச் செயலகம் கட்டப் பார்த்தார்கள், மாணவிகள் விடவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் கடற்கரை டிஜிபி அலுவலகத்தை இடிக்க முடிவானபோது பாரம்பரியக் கட்டடங்களுக்காகப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போய் நிறுத்தியது. அண்ணா சாலையில் 1897-ல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் பில்டிங்கை 2006-ல் இடிக்க ஆரம்பித்தபோதும் இன்டாக்தான் வழக்குப் போட்டு நிறுத்தியது. இந்த மூன்றிலும் சொந்தக்காரர் யார்? அரசாங்கம், இல்லையென்றால் அரசு நிறுவனம். மக்கள் பணத்தில் நிற்கும் கட்டடம், கேள்வி கேட்க மக்களுக்கு உரிமை. ஆர்மீனியன் தெரு கோகலே ஹால் ஒரு சங்கத்துக்குச் சொந்தமானது. அன்னி பெசன்ட் காலத்து மண்டபம், இடிப்பு ஆரம்பித்து வழக்கு வந்து பாதியில் நின்றது. பாதியில் நிற்பது என்றால் என்ன என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பாரத் இன்சூரன்ஸ் கட்டடமும் அப்படித்தான், இடிபடவில்லை, உயிரும் இல்லை.

உங்கள் தியேட்டர் தனியார் சொத்து. அப்பா கட்டியது, பிள்ளைகள் நான்கைந்து பேர், பேரன்கள் வெளிநாட்டில். தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 1967-ல் ஆரம்பித்து 2020-ல் மூடியது. பெரம்பூரில் ரஜினிகாந்த் 1985-ல் திறந்துவைத்த ஸ்ரீ பிருந்தா 2025-ல் நின்றது. இதற்கெல்லாம் சொந்தக்காரர்களைக் குற்றம் சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆயிரம் சீட்டில் மேட்னிக்கு முப்பது பேர், மழைக்கு முன் ஷீட் மாற்ற வேண்டும், ஏசி ஓடினாலும் ஓடாவிட்டாலும் கரண்ட் பில் வரும். 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததும் கிரவுண்டு விலை எங்கேயோ போய்விட்டது. அந்தக் குடும்பத்துக்கு வட்டி மட்டும் கணக்குப் போட்டாலே தியேட்டர் நடத்துவது பைத்தியக்காரத்தனம்.

அதனால், நான் மறுபடி இந்தச் சண்டையை ஆரம்பிப்பதாக இருந்தால் முதல் நாள் செய்யும் வேலை சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது. போர்டு, கோஷம் எதுவும் இல்லாமல், தெருவில் வயதானவர்கள் மூன்று பேர், முடிந்தால் பழைய ஆபரேட்டரையும் கூட்டிக்கொண்டு. நாங்கள் இதைச் செய்யவில்லை. முதல் வாரமே அவர் படத்தைப் போட்டு "தெருவை விற்றவர்" என்று யாரோ ஒரு பையன் போஸ்டர் அடித்து ஒட்டிவிட்டான். அதுவரை "முகப்பை வேண்டுமானால் விட்டுவைக்கிறேன் அண்ணா" என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷர் அதோடு போனை எடுக்கவில்லை. பங்காளிகளில் ஒருவருக்கு விற்க மனசே இல்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவரைப் பிடித்திருந்தால் குறைந்தது ஆறு மாசம் கிடைத்திருக்கும். இந்த மாதிரி சண்டையில் ஆறு மாசம் என்பது பொன்.

இன்னொன்று, உண்மையிலேயே விற்றாகிவிட்டதா என்று பாருங்கள். பேச்சை நம்பாதீர்கள். சர்வே நம்பர் தெரிந்தால் வில்லங்கச் சான்று யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். கிரயம் ஆகிவிட்டதா, வெறும் கட்டுமான ஒப்பந்தமா, பவர் கொடுத்திருக்கிறார்களா, வங்கி அடமானம் இருக்கிறதா, பதிவானதெல்லாம் அதில் தெரியும். எங்கள் தெருவில் "விற்றாச்சு" என்று சொன்ன நாளிலிருந்து நிஜமாகக் கிரயம் ஆன நாளுக்கு நடுவில் பதினோரு மாசம் இருந்தது. நாங்கள் அந்தப் பதினோரு மாசமும் டீக்கடையில் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தோம்.

இனி தெரு. என் தொழில் ஞானம் கொஞ்சம் உதவக்கூடிய இடம் இதுதான், அதனால் சற்று நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினாறு மாடி என்று யார் சொன்னார்? தமிழ்நாட்டில் இப்போது கட்டடம் கட்டுவதற்கான விதிகள் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதில் 18.30 மீட்டர் உயரம் வரை சாதாரணக் கட்டடம், அதைத் தாண்டினால் உயரக் கட்டடம். சாதாரணத்துக்கு எஃப்எஸ்ஐ 2, அதாவது மனையின் பரப்பைப்போல் இரண்டு மடங்கு கட்டிக்கொள்ளலாம். உயரக் கட்டடத்துக்கு 3.25 வரை போகலாம், ஆனால் அந்த 3.25 கிடைக்க வாசலில் 18 மீட்டர் ரோடு வேண்டும். 18 மீட்டர் என்றால் அறுபது அடி. உயரக் கட்டடம் என்றாலே குறைந்தது 12 மீட்டர், நாற்பது அடி. உங்கள் தெருவை டேப் வைத்து அளந்தீர்களா? வடசென்னையில் பழைய தியேட்டர் இருக்கும் தெரு பல இடத்தில் முப்பது அடியைத் தாண்டாது, அதிலும் பாதி அடி சாக்கடை, பாதி அடி படிக்கட்டு. அந்த அகலம் சைட் வாசலில் மட்டும் இருந்தாலும் போதாது, ரோட்டின் நீளத்துக்கும் தொடர்ந்து இருக்க வேண்டும். ஆக, பதினாறு மாடி என்பது தரகர் கிளப்பிய கதையாக இருக்கலாம். அல்லது தியேட்டருக்கு இரண்டு வாசல் இருந்து பின்வாசல் பெரிய ரோட்டைப் பார்த்தால் நிஜமாகவும் இருக்கலாம். பின்வாசலை மறக்காதீர்கள். கூட்டம் வெளியே போவதற்கென்று பழைய தியேட்டர்களில் அடுத்த தெருவுக்கு வழி விட்டிருப்பார்கள், பில்டரின் கண் அதில்தான் இருக்கும்.

இதனால்தான் தெரு அகலம் எல்லாவற்றுக்கும் சாவி என்கிறேன். நீங்கள் "எங்கள் நினைவுகளை அழிக்காதீர்கள்" என்று எழுதினால் ஃபைலில் அது ஒரு தாள். "இந்தத் தெருவின் அகலம் இந்த மூன்று இடத்தில் இத்தனை மீட்டர், படம் இணைப்பு, எந்த அகலத்தை வைத்து அனுமதி பரிசீலிக்கப்படுகிறது?" என்று எழுதினால் ஒருவர் பதில் எழுதியே ஆக வேண்டும். உயரக் கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையும் போக்குவரத்துப் போலீசும் தடையின்மைச் சான்று தர வேண்டும். தீயணைப்பு வண்டி உங்கள் தெருவில் திரும்புமா? தேர்த் திருவிழா அன்றைக்கு, கொத்தவால் சாவடிச் சரக்கு லாரி நிற்கிற நேரத்தில்? அந்தப் போட்டோவை அவர்களுக்கு அனுப்புங்கள். சிஎம்டிஏவுக்கு மட்டும் அனுப்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஆர்டிஐ போடுங்கள். பத்து ரூபாய், முப்பது நாள். ஆனால் கேட்பதைச் சரியாகக் கேளுங்கள். "பிளான் நகல் கொடு" என்றால் மூன்றாம் நபர் தகவல் என்று சொல்லி மறுப்பது வழக்கம். இந்தக் கதவு எண்ணுக்கு, இந்த சர்வே எண்ணுக்கு, திட்ட அனுமதி விண்ணப்பம் வந்திருக்கிறதா, எந்தத் தேதி, எந்த வகை, எடுத்துக்கொண்ட ரோடு அகலம் எவ்வளவு, நில வகைப்பாடு என்ன, இடிப்பு அனுமதி மாநகராட்சியில் கேட்டிருக்கிறார்களா என்று தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள். ஒன்றை மறுத்தாலும் நான்குக்குப் பதில் வரும். நில வகைப்பாட்டை மாற்ற வேண்டியிருந்தால் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆட்சேபணை கேட்பார்கள். யாரும் படிக்காத மூலையில் பொடி எழுத்தில் வரும். தினமும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதற்கென்றே குழுவில் ஒரு ஆளைப் போடுங்கள். எங்கள் தெருவில் ரிட்டயர்ட் போஸ்ட்மேன் ஒருவர் அந்த வேலையைச் செய்தார், ஒரு நாள் விடவில்லை.

தெருவை அகலப்படுத்துவது தனிச் சங்கதி. பில்டர் தன் மனையில் முன்பக்கம் கொஞ்சம் தானப் பத்திரம் எழுதிக்கொடுத்து ரோட்டுக்கு விடுவார், அதற்கு ஈடாகக் கூடுதலாகக் கட்டிக்கொள்ளும் உரிமை கிடைக்கும். அது அவர் பாடு. ஆனால் எதிர்வாடை வீடுகளை, கடைகளை எடுக்க வேண்டும் என்றால் அது நில எடுப்பு, அதற்கு வேறு சட்டம், நோட்டீஸ், இழப்பீடு எல்லாம் இருக்கிறது. "உங்கள் கடையும் போகப்போகிறது, இப்போதே எனக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று யாராவது வந்து சொன்னால் ஆர்டர் காட்டச் சொல்லுங்கள். எதிர்வாடையில் இரண்டு பேர் பயந்துபோய்ப் பாதி விலைக்குக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். கடைசிவரை அந்தத் தெரு அகலமாகவே இல்லை.

தியேட்டர் முகப்பிலேயே இருக்கும் வாடகைக் கடைகளுக்கு நிலைமை கஷ்டம். 1960-ம் வருஷத்து வாடகைச் சட்டம் இருந்தவரை பழைய குடியிருப்பாளரை எளிதில் அசைக்க முடியாது. அதன் இடத்தில் வந்த 2017-ம் வருஷத்துச் சட்டம் 2019-ல் நடைமுறைக்கு வந்தது, இப்போது எழுத்து ஒப்பந்தம், பதிவு இதெல்லாம் கேட்பார்கள். சைக்கிள் ஸ்டாண்ட்காரர், சோடாக் கடைக்காரர் யாரிடமும் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. அவர்கள் தனியாக வக்கீலைப் பார்ப்பது நல்லது, உங்கள் குழுவின் நோக்கமும் அவர்கள் நோக்கமும் ஒன்றாக இருக்காது. நல்ல தொகை வந்தால் அவர்கள் போய்விடுவார்கள், அதைத் துரோகம் என்று சொல்லாதீர்கள்.

நடைபாதைக் கடைகள் கதை வேறு. இங்கேதான் யாரும் தொடாத ஒரு ஆயுதம் இருக்கிறது. 2014-ம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டம் சும்மா விரட்டக் கூடாது என்கிறது, இடம் மாற்ற முப்பது நாள் நோட்டீஸ் வேண்டும். அதற்கும் மேலே, ஐம்பது வருஷத்துக்கு மேல் வியாபாரம் நடக்கும் இயல்பான சந்தையைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்கிறது. பாரம்பரியம் என்ற சொல் உங்கள் தெருவுக்குச் சட்டப்படி ஒட்டுகிற இடம் கட்டடம் இல்லை, வாசலில் உட்கார்ந்திருக்கும் பூக்கார அம்மாவும் சுண்டல்காரரும் மீன் வறுவல் வண்டியும்தான். இரண்டாம் ஆட்டம் விட்டதும் எழும் பசிக்கென்று உருவான சந்தை அது. தியேட்டர் மூடிய பிறகும் சாயந்திரம் ஆறு மணிக்கு அதே இடத்தில் வண்டி நிற்கிறது என்றால் அதுதான் தெருவின் உயிர். எத்தனை பேர், எத்தனை வருஷமாக, யாருடைய அம்மா முதலில் கடை போட்டார், எல்லாவற்றையும் எழுதி, அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் போட வைத்து, தெரு வியாபாரிகளுக்காக மாநகராட்சியில் இருக்கும் நகர விற்பனைக் குழுவுக்குக் கொண்டுபோங்கள். நாங்கள் தியேட்டரை இழந்தோம், சாயந்திரச் சந்தை போகவில்லை. இன்றும் புது அபார்ட்மென்ட் காம்பவுண்டை ஒட்டி ஒன்பது வண்டி நிற்கிறது, மாடியிலிருந்து இறங்கி வந்து வாங்குகிறார்கள். முதல் வருஷம் "நாறுகிறது" என்று புகார் கொடுத்தவர்களும் அவர்களேதான்.

ஏரியா சபையை மறக்காதீர்கள். 2022-ல் வந்த விதிகளின்படி வார்டைப் பகுதிகளாகப் பிரித்துச் சபை கூட்ட வேண்டும். கூட்டம் நடக்கும் நாளைக் கவுன்சிலரிடம் கேட்டு நாற்பது பேரும் போங்கள், நினைவுகளைப் பேசாமல் தீர்மானம் கேளுங்கள், பதிவேட்டில் எழுதியதைப் போட்டோ எடுங்கள். எல்லாக் கட்சிக்காரரும் வருவார்கள், எல்லாரும் ஆதரவு என்பார்கள். மேடையில் யாருக்கும் நாற்காலி போடாமல் தரையில் பாய் விரித்துக் கூட்டம் நடத்தினால் பாதித் தொல்லை குறையும், இது அனுபவம்.

வழக்கு? பொதுநல வழக்கு போடலாம். ஆனால் கடைசியாகப் போடுங்கள், கையில் காகிதம் சேர்ந்த பிறகு. பட்டியலில் இல்லாத தனியார் கட்டடத்துக்கு உணர்ச்சியை மட்டும் வைத்துத் தடை கேட்டால் முதல் விசாரணையிலேயே தள்ளுபடி ஆகிவிடும், அப்புறம் அந்த உத்தரவையே பில்டர் பிரேம் போட்டு ஆபீசில் மாட்டிவிடுவார். மாறாக, பட்டியலில் சேர்க்க விண்ணப்பம் இந்தத் தேதியில் கொடுத்தோம், பதில் இல்லை, ரோடு அகலம் இவ்வளவு, ஆர்டிஐ பதில் இது, அதற்குள் இடிப்பு ஆரம்பித்துவிட்டது என்று போனால் நீதிபதி நிமிர்ந்து உட்காருவார். இடிப்பு ஆட்கள் எப்படி வருவார்கள் தெரியுமா? ஜேசிபியோடு இல்லை. முதலில் மரச்சாமான்காரர் வருவார், தேக்குக் கதவு, ஜன்னல், பால்கனி கைப்பிடி போகும். அடுத்து இரும்பு. பழைய கட்டடத்தில் இடிக்கிறவர்தான் சொந்தக்காரருக்குக் காசு கொடுப்பார், சாமானுக்காக. கதவு கழன்றால் மணி அடித்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே மாநகராட்சியில் இடிப்பு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேட்பது என்ன என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதி முடிவு செய்யுங்கள். "இடிக்காதே" என்பது கோரிக்கை இல்லை, அதற்குப் பில்டர் சொல்லும் பதில் ஒன்றே ஒன்று. முகப்புச் சுவரும் டிக்கெட் கவுண்டரும் நிற்கட்டும், அதன் பின்னால் கட்டிக்கொள் என்று கேட்கலாம், முன்னால் எப்படியும் காலியிடம் விட்டுத்தானே ஆக வேண்டும். மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அதாவது பதிமூன்றரை கிரவுண்டுக்கு மேல் போனால், திறந்தவெளி ஒதுக்கீட்டுப் பேச்சு வரும். 10,000 சதுர மீட்டர் வரை அதைப் பணமாகக் கட்டித் தப்பிக்க வழி இருக்கிறது, எல்லாரும் கட்டிவிட்டுப் போவார்கள். அதை இடமாகவே, தெருவைப் பார்த்த மாதிரி விடச் சொல்லிக் கேளுங்கள். கீழ்த்தளத்தில் சின்னதாக ஒரு திரை, நூற்றைம்பது சீட். மும்பையில் தியேட்டர் மனையில் புதிதாகக் கட்டினால் பழைய இருக்கைகளில் மூன்றில் ஒரு பங்குக்குத் திரையரங்கு இருக்க வேண்டும் என்று விதியே வைத்திருந்தார்கள், சொந்தக்காரர்கள் அதை வெறுத்தார்கள், அது வேறு. இங்கே எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளானின் காலம் 2026-ல் முடிகிறது, 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது பிளான் தயாராகிறது. தெருவையே பாரம்பரிய வட்டாரமாகக் காட்டச் சொல்லிக் கருத்து எழுதிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் அடுத்து இருபது வருஷம் கழித்துத்தான் வரும். உங்கள் தியேட்டருக்கு அது உதவாமல் போகலாம், பக்கத்துத் தெருவுக்கு உதவும்.

அப்புறம், வருகிற ஞாயிற்றுக்கிழமையே செய்ய வேண்டியது ஒன்று. சொந்தக்காரர் சம்மதித்தால் உள்ளே போய் எல்லாவற்றையும் அளந்து படம் எடுத்துவிடுங்கள். பாலிடெக்னிக் பிள்ளைகள் நான்கு பேர் போதும், ஒரு நாளில் முடித்துவிடுவார்கள். தரை டிக்கெட் கவுண்டரின் அந்தக் குறுகிய கம்பிச் சந்து, கை மட்டும் நுழைகிற ஓட்டை, புரொஜெக்டர் ரூம், பெண்களுக்குத் தனி வாசல் இருந்தால் அது. படம் காட்டப் போலீஸ் கமிஷனர் கொடுத்த சி ஃபார்ம் லைசென்ஸ் பழைய பிரேமில் மாட்டியிருக்கும், அதில் சீட் எண்ணிக்கை, தேதி எல்லாம் இருக்கும், கட்டடத்தின் வயதுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், டோக்கன் எதுவும் குப்பைக்குப் போக விடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இந்த மாதிரிச் சாமான்களைப் பாதுகாத்து வைக்கிற இடம், அவர்களிடம் பேசுங்கள். வெளியிலிருந்து கேமராவோடு வரும் ஹெரிட்டேஜ் வாக் கூட்டத்தையும் கூப்பிடுங்கள், கேலி செய்யாதீர்கள், இங்கிலீஷ் பேப்பரில் ஒரு படம் வந்தால் ஃபைல் ஒரு மேஜை தாண்டும். பேச்சு மட்டும் தெருக்காரர் பேச வேண்டும்.

எங்கள் தியேட்டரை அளக்க எங்களுக்கு இரண்டு நாள்தான் கிடைத்தது. என் கையில் இருப்பது அரைகுறையான ஒரு தரைத்தள வரைபடம். பால்கனிக்கு ஏறும் படி எத்தனை என்று கேட்டால் தெருவில் ஆளுக்கு ஒரு எண்ணிக்கை சொல்வார்கள். டிக்கெட் கவுண்டர் கம்பியை மட்டும் இரும்புக்காரரிடம் இருநூறு ரூபாய் கொடுத்து மூலைக் கடை அண்ணாச்சி வாங்கிவிட்டார். இப்போது அது அவர் புரோட்டா கடையின் கல்லாவுக்கு முன்னால் இருக்கிறது, பார்சல் வாங்கக் கை விடும்போதெல்லாம் முழங்கை அதே இடத்தில் இடிக்கிறது. வில்லங்கம் போட்டதும் அந்த நகலை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.